ஏ3 குடுத்துட்டு அடுத்த வண்டி: பின் சீட்ல அம்மா நிம்மதியா உக்காரணும், எது எடுக்கலாம்?

குன்னூர்43

எல்லாருக்கும் வணக்கம்ங்க. 2015 ஆடி ஏ3 செடான் டீசல் வச்சிருக்கேன், புதுசா எடுத்தது. வண்டி ஓட்டுறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்ல பர்லியார் தாண்டி ஏத்தம் ஏறுறப்ப அது இழுக்குற இழுப்பு இன்னிக்கும் மனசுக்கு நெறைவா இருக்கு. ஆனா வீட்டு நிலமை மாறிடுச்சு. அம்மாவுக்கு 74 வயசு, போன வருஷம் ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணி மாத்துனோம், பையன் ஆறடிக்கு ஒரு இஞ்ச் தான் கம்மி, மாசத்துக்கு மூணு தடவையாவது எல்லாரும் சேந்து கோயமுத்தூர் எறங்கி ஏற வேண்டியிருக்கு.

போன வாரம் நடந்தத சொல்றேன். குன்னூர் பெட்ஃபோர்டுல மருந்துக்கடை முன்னாடி நிறுத்துனேன், வண்டி மூக்கு ஏத்தத்த பாத்து நிக்குது. அம்மா இடது பக்க கதவ தொறந்து இடது கால வெளிய வச்சாங்க, வலது பாதம் சீட் விளிம்புக்கும் கதவு நிலைக்கும் நடுவுல இருக்குற அந்த ஒடுக்கத்துல செருப்போட மாட்டிகிச்சு, அத எடுக்குறதுக்குள்ள கதவு தன்னால மூடிட்டு வந்து கணுக்கால்ல இடிச்சிருச்சு. பெரிய அடி இல்ல, ஆனா அவங்க மொகத்த பாத்தப்ப எனக்கு தாங்கல. "நான் இனிமே பஸ்லயே வர்றேன் சாமி"ன்னு சொன்னாங்க.

அதனால இந்த வருஷம் மாத்திடலாம்னு இருக்கேன். மனசுல இருக்குறது பென்ஸ் ஏ கிளாஸ் லிமோசின், பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே, ஆடி ஏ4, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின், பென்ஸ் சி கிளாஸ், ஸ்கோடா சூப்பர்ப். புதுசுதான் வேணும்னு பிடிவாதம் இல்ல, நல்லா வச்சிருந்த பழைய வண்டின்னாலும் சரி. ஓட்டுறதுக்கு எப்படி இருக்கும்னு நானே பாத்துக்கறேன், எனக்கு தெரிய வேண்டியது பின் சீட் மட்டும்தான். மலை ரோட்ல பின்னாடி உக்காந்து பழகுனவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

கோத்தகிரி_வண்டிக்காரன்

அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குங்க? மொதல்ல அத சொல்லுங்க.

நான் 22 வருஷமா டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன், பின்னாடி உக்கார்றவங்க படுற பாட்ட கண்ணாடியில பாத்துட்டே வர்றவன். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேங்க, சமதரையில நிறுத்தி வச்சு பாக்குற முட்டி இடம் மலையில பேசாது. எறக்கத்துல பிரேக் புடிச்சு புடிச்சு வர்றப்ப உடம்பு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வழுக்கிட்டே வரும், சீட்டோட தொடை பாகம் குட்டையாவோ தட்டையாவோ இருந்துச்சுன்னா அம்மாவோட முழு பாரமும் பாதத்துலதான் நிக்கும், முட்டி மாத்துனவங்களுக்கு அதுதான் வலி. ஏத்தத்துல அப்படியே தலகீழ், முதுகோட சாஞ்சு சீட்டுக்குள்ள புதைஞ்சு போவாங்க, எறங்குறப்ப எந்திரிக்க முடியாது.

அதனால நீங்க பாக்க வேண்டியது தொடைக்கு அடியில சீட் முட்டி வரைக்கும் தாங்குதா, முன் சீட்டுக்கு அடியில பாதம் போகுதா, சீட் தரையிலருந்து எவ்வளவு ஒசரம், கதவு எவ்வளவு அகலமா தொறக்குது. முட்டிக்கு முன்னாடி எவ்வளவு இடம்ங்கறது இதெல்லாம் பாத்ததுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு, எப்பவும் மூக்கு லேசா எறக்கத்த பாத்த மாதிரி நிறுத்தி எறக்குங்க. அப்ப கதவு தானா தொறந்து நிக்கும். மூக்கு மேல பாத்தா எந்த வண்டி கதவும் கால் மேலதான் வந்து விழும், அது ஏ3 குத்தம் இல்ல.

மேட்டுப்பாளையம்_அளவுகோல்

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நம்பர் பக்கம் நான் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இதுல நெறைய பேரு ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு.

உங்க ஏ3 வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 2637 மிமீ. 2 சீரிஸ் கிரான் கூபே 2670, ஏ கிளாஸ் லிமோசின் 2729, ஏ4 2820, சூப்பர்ப் 2841, சி கிளாஸ் இப்ப இருக்குற மாடல் 2865, அதுக்கு முந்தினது 2840. 3 சீரிஸ் கிரான் லிமோசின் 2961, சாதா 3 சீரிஸ விட 110 மிமீ நீட்டுனது, நம்மூருக்கு 2021 ஜனவரில வந்துச்சு. இத பாத்த ஒடனே 3 சீரிஸ் தான் ராஜான்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஏன்னா பிஎம்டபிள்யூ 3, சி கிளாஸ் ரெண்டுலயும் இஞ்சின் நீளவாக்குல கெடக்கும், பவர் பின் சக்கரத்துக்கு போகும். முன் சக்கரத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல நீளமா ஒரு இடம் இஞ்சினுக்கே போயிடும், வீல்பேஸ்ல ஒரு பங்க மூக்கு தின்னுடும். சூப்பர்ப், ஏ கிளாஸ், 2 சீரிஸ் கிரான் கூபே, உங்க ஏ3 இதெல்லாம் இஞ்சின் குறுக்குவாக்குல, அதனால வீல்பேஸ்ல பெரும்பங்கு உள்ள உக்கார்றவங்களுக்கு கெடைக்கும். சூப்பர்ப் சி கிளாஸ விட வீல்பேஸ் 24 மிமீ கம்மி, ஆனா பின்னாடி உக்காந்து பாருங்க, எது பெரிசுன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஏ4ல இஞ்சின் நீளவாக்குல இருந்தாலும் முன் சக்கரத்துக்கு முன்னாடியே தள்ளி இருக்கும், அது நடுத்தரம்.

அப்புறம் பிரோஷர்ல லெக்ரூம்னு போடறாங்களே, அது முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி இல்லீங்க. கணுக்கால்லருந்து இடுப்பு மூட்டு வரைக்கும் அளந்து அதோட 254 மிமீ கூட்டி எழுதுறது. முன் சீட் எங்க நிக்குதோ அத பொறுத்து நம்பர் மாறும். அதனால பிரோஷர மூடி வச்சிட்டு வீட்ல தைக்கிற இஞ்ச் டேப் ஒண்ணு எடுத்துட்டு போங்க.

லவ்டேல்_வாசுகி

2 சீரிஸ் கிரான் கூபே, பென்ஸ் சிஎல்ஏ மாதிரி கூரை சரிஞ்சு வர்ற வண்டிங்கள இப்பவே லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க தம்பி. எங்க வீட்ல சிஎல்ஏ 4 வருஷம் இருந்துச்சு, எனக்கு ரொம்ப ஆசையான வண்டி, முன்னாடி உக்காந்தா அவ்வளவு அழகு. ஆனா எங்க அத்தை ஏர்றப்ப தலைய குனிஞ்சு, இடுப்ப வளைச்சு, ஒரு கால மடக்கி உள்ள போகணும். முட்டி மாத்துனவங்களுக்கு குனிஞ்சிட்டே மடக்குறதுதான் ஆகாது. பிசியோதெரபில சொல்லிருப்பாங்களே, மொதல்ல உக்காரு, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்புன்னு. அதுக்கு தலைக்கு மேல கூரை ஒசரமா இருக்கணும், கதவு நல்லா வெளிய போகணும்.

இன்னொண்ணும் இருக்கு. பின் ஜன்னல் சின்னதா, கூரை சரிஞ்சு இருந்தா வெளிய தெரியாது, வெளிய தெரியலன்னா கொண்டை ஊசி வளைவுல குமட்டும். மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூர் வர்றதுக்குள்ள 14 வளைவு. எங்க அத்தைக்கு அஞ்சாவதுலயே எலுமிச்சம்பழம் கைக்கு வந்துடும். ஜன்னல் கீழ்விளிம்பு தாழ்வா இருக்குற வண்டியா பாருங்க, அம்மாவோட கண்ணு மட்டத்துக்கு ரோடு தெரியணும்.

குன்னூர்43

அக்கா, ரொம்ப நன்றிக்கா. அந்த ஒக்காந்து திருப்புறது, அத பிசியோல சொல்லிக்குடுத்தாங்க, ஏ3ல திருப்ப முடியல, பாதம் நிலையில இடிக்குது. 2 சீரிஸ லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன்.

அண்ணா, அம்மா நல்லா இருக்காங்க, வீக்கம் வடிஞ்சிடுச்சு. மூக்க எறக்கத்த பாத்து நிறுத்துறது இத்தன வருஷத்துல எனக்கு தோணவே இல்ல, நேத்துலருந்து அப்படித்தான் நிறுத்துறேன்.

இந்த வாரம் கோயமுத்தூர்ல ஒரு ஷோரூம் போயிருந்தோம், பேரு வேணாம். விக்கிற தம்பி எங்களுக்கு முன்னாடியே போயி ரெண்டு முன் சீட்டையும் டேஷ்போர்டோட ஒட்டுற மாதிரி தள்ளி வச்சிருக்கார், அம்மா உள்ள போயி கால நீட்டி "அப்பாடா"ன்னாங்க. நான் டிரைவர் சீட்ல உக்காந்து என் ஒசரத்துக்கு, 5 அடி 10, பின்னாடி தள்ளுனேன். இஞ்ச் டேப்ப வச்சு பாத்தா அந்த எடம் பாதியா போயிருச்சு. அவர் மேல கோவம் இல்ல, ஆனா வயசானவங்கள கூட்டிட்டு போறப்ப இப்படி பண்ணக்கூடாதுங்க. அன்னிலருந்து எந்த வண்டி பாத்தாலும் மொதல்ல என் சீட்ட எனக்கு வச்சிட்டு, எறங்கி வந்து எனக்குப் பின்னாடி நானே உக்காந்து பாக்குறேன், அப்புறம் பையன் அளவுக்கு இடது முன் சீட்ட வச்சு அம்மாவ உக்கார வைக்கிறேன்.

இதுவரைக்கும் பாத்தது இப்படி. ஏ கிளாஸ் லிமோசின் ஏ3ய விட முட்டிக்கு நல்ல இடம், அந்த 92 மிமீ வித்தியாசம் தெரியுது, கூரையும் நேரா இருக்கு, ஆனா சீட் தாழ்வு, எனக்கு தொடை அந்தரத்துல நிக்குது. சி கிளாஸ் ரொம்ப சொகுசு, தலை சாய்க்கிறதெல்லாம் அருமை, அம்மாவுக்கு உள்ள போறது சரி, வெளிய வர்றதுக்கு என் கை வேணும். 3 சீரிஸ் நீட்டுனது, சொல்லவே வேணாம், பையன் கால் மேல கால் போட்டுட்டான். இடம்னு பாத்தா இந்த மூணுல அதுதான்.

ஊட்டி_பட்டறை

3 சீரிஸ் நீட்டுனது எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்விங்க. உங்க வீட்டுக்கு ரோட்லருந்து எப்படி வண்டி எறங்குது?

ஏன் கேக்கறேன்னா, நம்ம மலையில பாதி வீடு ரோட்டுக்கு கீழயோ மேலயோதான். ரோட்லருந்து சரிவு ஆரம்பிக்கிற அந்த முனை இருக்கு பாருங்க, அங்க முன் சக்கரம் எறங்கி பின் சக்கரம் ரோட்லயே நிக்கிறப்ப வண்டி வயிறு அந்த முனை மேல வரும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கூடக்கூட வயிறு கீழ வந்து தட்டும், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி அதே அளவு இருந்தாக்கூட. உங்க ஏ3 தட்டாம போகுதுன்னா அது 2637. அத விட ஒரு அடிக்கு மேல நீளமான வீல்பேஸ் அதே முனையில தட்டலாம், அதுவும் அஞ்சு பேரு உக்காந்தா கண்டிப்பா தட்டும். எங்கிட்ட வர்ற நீள வண்டிங்கள்ல அடி பிளாஸ்டிக் கவர் கிழிஞ்சு தொங்குறது வாடிக்கையா பாக்குறது.

அம்மாவுக்காக எடுக்குறீங்க, நல்ல விஷயம். ஆனா முனை தட்டுதுன்னு தெனமும் அவங்கள ரோட்லயே எறக்கி விட்டு சரிவுல நடக்க வச்சீங்கன்னா எடுத்த பலனே போயிரும்.

குன்னூர்43

அண்ணா நீங்க கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. எங்க வீடு ரோட்டுக்கு கீழ. சரிவு இருக்கு, ஏ3யே நாலு பேரு இருந்தா லேசா உரசும், நான் எப்பவும் கோணலாத்தான் எறக்குவேன். இன்னிக்கு போயி அளந்தேன். கார் ஷெட் உள்ளளவு சரியா 16 அடி, அதாவது 4877 மிமீ. பின் சுவர் மண்ண தாங்குற தடுப்புச்சுவர், தாத்தா காலத்து கருங்கல்லு, அத தொட முடியாது, தொட்டா மேல இருக்குற பக்கத்து வீட்டு தோட்டம் உள்ள வந்துடும்.

மேட்டுப்பாளையம்_அளவுகோல்

அப்ப நீளத்தையும் வச்சு பாத்துடலாம். ஏ கிளாஸ் லிமோசின் 4549, சி கிளாஸ் 4751, ஏ4 4762, 3 சீரிஸ் நீட்டுனது 4819, சூப்பர்ப் 2016ல வந்தது 4861. டொயோட்டா கேம்ரியும் யோசிச்சா அது உள்ளயே போகாது, 4.9 மீட்டர் கிட்ட. சூப்பர்ப் போகும், ஆனா 16 மிமீ தான் மிச்சம், ரெண்டு விரல் கூட இல்ல. உங்க ஷெட் கதவு எந்தப் பக்கம் தொறக்குது?

பைக்காரா_ரமேஷு

ஏங்க செடான்லயே நிக்குறீங்க, பிஎம்டபிள்யூ எக்ஸ்1 மாதிரி ஒசரமான வண்டி எடுத்தா சீட் இடுப்பு மட்டத்துக்கு வரும், முனையும் தட்டாது. எலக்ட்ரிக்ல நீட்டுன மாடல் 2025ல வந்துச்சு, வீல்பேஸ் 2800.

குன்னூர்43

ரமேஷு, நல்ல யோசனை, உண்மையிலயே போயி பாத்தேன். உக்கார்றது நல்லா இருக்கு. ஆனா அம்மா 4 அடி 11. ஒசரமான வண்டியில அவங்க பாதம் தரையில முழுசா படல, நுனி விரல்தான் படுது, கொஞ்ச நேரத்துல கால் மரத்துடுச்சுன்னாங்க. வண்டி ஒசரம் அம்மா ஒசரத்துக்கு பொருந்தணும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒசரமானவங்களா இருந்தா நீங்க சொன்னதுதான் சரியான வழி.

கோத்தகிரி_வண்டிக்காரன்

இத நான் எல்லாருக்கும் சொல்லணும்னு நெனச்சது, நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க. சீட்ல பின்னாடி வரைக்கும் உக்காந்தா பாதம் முழுசா தரையில பட்டு, தொடையும் சீட்டுல படிஞ்சு இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னா வண்டிய விட்டுருங்க.

மலையில ஓட்டி காட்டாம முடிவு பண்ணாதீங்க. ஷோரூம் பக்கம் நாலு சுத்து சுத்துனா ஒண்ணும் தெரியாது. மலை அடிவாரத்துல கல்லார் தாண்டி ரெண்டு வளைவாவது ஏறி எறங்க சொல்லுங்க, அம்மாவ வழக்கமா உக்கார்ற எடத்துல வச்சு.

குன்னூர்43

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நெறைய நடந்துச்சு.

3 சீரிஸ் கல்லார் தாண்டி ஏறி எறங்கி ஓட்டி பாத்தோம். இடம் அவ்வளவு இருந்தும் எறக்கத்துல அம்மா வழுக்கிட்டே வந்தாங்க, இடம் அதிகமா இருந்ததால முன் சீட்டுல பாதத்த முட்டு குடுக்கவும் எட்டல, கைப்பிடிய புடிச்சிட்டே வந்தாங்க. பையனுக்கு சொர்க்கம், அம்மாவுக்கு இல்ல. பின் சீட் தரையில நடுவுல ஒசரமா ஓடுற மேடு (டனல்) வேற, அந்தப் பக்கம் நகர்றதுக்கு முடியல. சரிவு முனையும் மனசுல இருக்கு. விட்டாச்சு.

ஏ4 ஒரு நல்ல வண்டி பாத்தோம், 2021. அம்மாவுக்கு ஏ3ய விட எவ்வளவோ மேல, கதவு அகலம், பாதம் நிலையில இடிக்கல. அதையே முடிச்சிடலாம்னுதான் இருந்தேன்.

அப்புறம் கோத்தகிரியில மாமா பையன் 2018 சூப்பர்ப் டீசல் வச்சிருக்கான், ஒரு நாளைக்கு குடுடான்னு வாங்கிட்டு வந்தேன். சனிக்கிழம காலையில ஆறு மணிக்கு அம்மாவ பின்னாடி இடது பக்கம் உக்கார வச்சு, மனைவி பக்கத்துல, பையன் முன்னாடி, கோத்தகிரி வழியா எறங்குனோம். சீசன்ல எப்படியும் கீழ போறவங்கள அந்த வழிதான் திருப்பி விடுவாங்க, அதனால அந்த எறக்கத்த பாத்தாகணும்னு நெனச்சேன். அம்மா உக்காந்துட்டு, ரெண்டு காலையும் சேத்து, அந்த பிசியோ சொன்ன மாதிரி, ஒரே திருப்பு. பாதம் எங்கயும் இடிக்கல. பையன் சீட்டுக்கு அடியில பாதம் நுழையுற அளவுக்கு இடம், சீட் தொடை முழுசும் தாங்குது, எறக்கத்துல அவங்க வழுக்கவே இல்ல. அரவேணு தாண்டி கொஞ்ச தூரம் போறப்ப கண்ணாடியில பாத்தேன், ஜன்னல் பக்கம் தல சாச்சு தூங்கிட்டாங்க. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எங்க அம்மா வண்டியில தூங்கி நான் பாத்தது இல்ல. மேட்டுப்பாளையத்துல டீ குடிக்க எறங்குனப்ப எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டேன். "காலு இருக்குற நெனப்பே வரல சாமி"ன்னாங்க.

எனக்கு அதுக்கு மேல எந்த நம்பரும் வேணாம்னு ஆயிடுச்சு.

திரும்பி வர்றப்ப பர்லியார் வழியா ஏறுனோம். ஓட்டுறதுக்கு ஏ3 மாதிரி சுருக்குன்னு திரும்பாது, நீளம் தெரியுது, எதுக்க பஸ் வந்தா வளைவுக்கு முன்னாடியே நின்னு வழி விட்டுதான் போகணும். அது எனக்குத்தானே, பழகிக்குவேன்.

லவ்டேல்_வாசுகி

படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. எடுத்துடுங்க. அம்மாவ கேட்டேன்னு சொல்லுங்க.

ஊட்டி_பட்டறை

சூப்பர்ப் நல்ல முடிவு, ஆனா அதுக்கும் முனை இருக்குங்க, 2841. முனைய உடைக்க வேணாம், மேஸ்திரிய வச்சு அந்த கூர்ப்ப மட்டும் மேல மூணடி கீழ மூணடி சரிச்சு வழிச்சு விட சொல்லுங்க, ஒரே மடிப்பா இருக்குறத ரெண்டு மடிப்பா ஆக்குனா வயிறு தட்டாது. தண்ணி உள்ள எறங்காம இருக்க குறுக்க ஒரு கால்வா விட்டுருங்க, நம்ம மழைக்கு அது இல்லன்னா ஷெட் குளமாயிரும். பழைய வண்டி எடுக்கறீங்கன்னா கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு பில்லோட கேளுங்க, மலையில ஓடுன வண்டியா இருந்தா பிரேக் டிஸ்க் தடிமனையும் அளந்து பாக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கொண்டு வாங்க, லிஃப்ட்ல ஏத்தி பாத்து தர்றேன், காசு வேணாம்.

மேட்டுப்பாளையம்_அளவுகோல்

ஷெட் கதவு கேட்டேனே?

குன்னூர்43

ஆமாங்க, விட்டுட்டேன். இப்ப உள்பக்கமா தொறக்குற ரெட்டை மரக்கதவு. அத கழட்டிட்டு வெளிப்பக்க சுவர்ல ரோலிங் ஷட்டர் வச்சா தூணோட தடிமன் 9 இஞ்ச் முழுசா உள்ள சேரும்னு மேஸ்திரி சொல்றார், கருங்கல் சுவர தொட வேண்டியதில்ல. ஷெட்டுக்கு வெளியவே அம்மாவ எறக்கிட்டுத்தான் உள்ள விடுவேன், ரெண்டு பக்கமும் கதவு முழுசா தொறக்க இடம் இல்ல. எறங்குற எடத்துல வண்டி மூக்கு எறக்கத்த பாத்துத்தான் நிக்கும், கோத்தகிரி அண்ணன் சொன்ன மாதிரியே.

ஒரு 2019 டீசல் திருப்பூர்ல இருக்குன்னு சொல்லிருக்காங்க, ஒரே ஓனர். பட்டறை அண்ணா, புதன்கிழம கொண்டு வர்றேன், அம்மாவும் கூட வர்றாங்களாம், பின் சீட்ட அவங்களே பாக்கணுமாம்.